எங்கள் அளத்தில் வேலை செய்கிறவன்

உப்பளம் வைத்திருப்பவர்களுக்கு லீவு என்றால் மழைக்காலம்தான். ஊரே மே மாதம் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பும்போது நாங்கள் மட்டும் இன்னும் நன்றாக வெயில் அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு கிடப்போம். ஐப்பசி பிறந்து பாத்திகள் எல்லாம் தண்ணீரில் மூழ்கிய பிறகுதான் எங்காவது போகலாமா என்ற நினைப்பே வரும். அப்போது போகிற இடமெல்லாம் மழையாக இருக்கும். 2005இல் மழை கொஞ்சநஞ்சமில்லை. மரக்காணத்தில் எங்கள் அளம் எது, பக்கத்து அளம் எது என்று தெரியாதபடி ஒரே வெள்ளக்காடு. அந்த வருஷம்தான் சிங்கப்பூரில் இருந்த என் தங்கச்சி, கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டாள்.

"மூணு வாரம். சாக்கு சொல்லாம நீயும் மாமாவும் வந்து சேருங்க" என்றாள் போனில்.

மகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்ததால் அவளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம். அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஐந்து ஏக்கர் அளத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஆட்களோடு ஆளாகப் பாத்தியில் இறங்கி வேலை செய்கிறவர். வரப்பில் நின்று அதிகாரம் செய்யத் தெரியாது. நான் பாண்டியில் பி.ஏ. முடித்தவள். அந்த பி.ஏ.வை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தால், என்னை நானே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே என் வேலை அவருடைய பாதத்தில்தான். வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரில் நின்ற கால். குதிகால் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளை பூத்திருக்கும். தினமும் வெந்நீரில் ஊறவைத்து, கல்லை வைத்துத் தேய்த்தேன். வாஸ்லின் டப்பா இரண்டு தீர்ந்தது. அவரும் காலை நீட்டிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தேய்க்கிற தேய்ப்புல காலே காணாமப் போயிடப் போவுது" என்றார்.

"அங்க வந்து என் மானத்த வாங்காதீங்க. அது போதும்" என்றேன். பாண்டியில் கறுப்பு பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி, வீட்டுக்குள்ளேயே நடக்கவிட்டுப் பழக்கினேன். வாத்து நடப்பதைப் போல நடந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

சிங்கப்பூரில் போய் இறங்கியதும் முதலில் மூக்கு உடைபட்டது எனக்குத்தான். பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் அந்த அதிகாரி என்னிடம் ஏதோ கேட்டார். இங்கிலீஷ்தான். ஆனால் அவ்வளவு வேகமாக, அப்படி ஒரு ராகத்தில் நான் கேட்டதே இல்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் எங்கேயோ ஓடிப்போயின. நான் பேந்தப் பேந்த விழித்தேன். பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் சாவகாசமாக முன்னால் வந்து, திரும்பிப் போகிற டிக்கெட்டைக் காட்டி, மூன்று விரலை நீட்டி, "த்ரீ வீக் சார், சிஸ்டர் ஹவுஸ்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த ஆளும் சிரித்து முத்திரை குத்திவிட்டார். வெளியே வந்ததும் நான் அவர் மேல் வள்ளென்று விழுந்தேன். என்ன காரணம் சொன்னேன் என்று ஞாபகமில்லை. காரணம் இருந்தால்தானே.

தங்கச்சி வீடு ஒன்பதாவது மாடி. கீழே தோட்டம், நீச்சல் குளம், வாசலில் செக்யூரிட்டி. தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் காலை எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்பினால் இருட்டும்போதுதான் வருவார்கள். பகல் முழுக்க அந்த வீடு எங்கள் இரண்டு பேருக்குத்தான். முதல் நாள் அவர் குளிக்கப் போய், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று வாளியில் மொண்டு ஊற்றிக் குளித்துவிட்டார். தண்ணீர் ஹால் வரைக்கும் ஓடி வந்தது. தங்கச்சி வருவதற்குள் துடைத்து முடிக்க எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. விடியும் முன்பே எழுந்து பால்கனியில் நின்று வானத்தைப் பார்ப்பார். அங்கே மத்தியானமானால் மழை பிடித்துக்கொள்ளும். "இந்த ஊர்ல அளம் போட்டவன் சோத்துக்கு சிங்கியடிக்க வேண்டியதுதான்" என்பார்.

ஆனால் பாருங்கள், ஊரோடு ஒட்டிக்கொண்டது அவர்தான். நாலாவது நாளே கீழே போய்த் தனியாக டீ குடித்துவிட்டு வந்தார். தோட்ட வேலை செய்கிற ஆளோடு சைகையிலேயே சிநேகம் பிடித்தார். நான் கடையில் பால் வாங்கப் போய், கல்லாவில் இருந்த பெண் பை வேண்டுமா என்று கேட்டது புரியாமல், பாலை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பி வந்தவள். அதை அவரிடம் சொல்லவில்லை. கடையில் பால் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் நீச்சல் குளத்துப் பக்கம் காற்றாட உட்காரலாம் என்று இரண்டு பேரும் இறங்கினோம். அவர் தோட்டக்காரரைப் பார்க்கப் போனார். நான் குடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு தமிழ் அம்மா. ஐம்பது வயதிருக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர், அடுத்த கட்டடத்தில் வீடு. என் தங்கச்சியை அவருக்குத் தெரியாது. அத்தனை நாள் கழித்து வீட்டுக்கு வெளியே தமிழில் பேச ஒரு ஆள் கிடைத்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. "நாங்க உப்பு பிசினஸ். மரக்காணத்துல எங்களுக்கு சால்ட் ஒர்க்ஸ் இருக்குது, நிறைய ஆளுங்க வேலை செய்யறாங்க" என்று அளந்தேன். குத்தகை என்ற சொல்லை விழுங்கிவிட்டேன். அந்தம்மாவின் கண் விரிந்தது. பால் கடையில் போன மரியாதை எல்லாம் திரும்பி வந்ததைப் போல எனக்குக் குளிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் குளத்தின் ஓரத்தில் வந்து குந்தினார். பூட்ஸை எங்கேயோ கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு இருந்தார். கையைத் தண்ணீரில் விட்டு அளைந்தார். பிறகு விரலை நாக்கில் வைத்தார்.

எங்கள் ஊரில் அது ஒன்றும் இல்லை. பாத்தியில் தண்ணீர் எவ்வளவு உப்பேறியிருக்கிறது என்று நாக்கில் வைத்துப் பார்க்காமல் எந்த உப்பளத்துக்காரனும் அடுத்த வேலைக்குப் போகமாட்டான். ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பான், துப்புவான், அடுத்த பாத்திக்குப் போய் இன்னொரு சொட்டு வைத்துப் பார்ப்பான். இவரும் அதைத்தான் செய்தார். சப்புக் கொட்டினார். செடிப் பக்கம் திரும்பிப் புளிச்சென்று துப்பினார். எழுந்து குளத்தின் மறுமுனைக்கு நடந்துபோய், குந்தி, அங்கேயும் விரலை விட்டு நாக்கில் வைத்தார். மறுபடியும் துப்பினார்.

குளத்தில் குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். ஒரு சீனப் பெண் தன் குழந்தையைத் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்து ஏதோ கத்தினாள். செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார். இவர் கையை உயர்த்தி, "சாரி, சாரி" என்று சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் நடந்து வரத் தொடங்கினார். கண்டுபிடித்த விஷயத்தை என்னிடம் சொல்ல வருகிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"யாருங்க அது? உங்களோட வந்தவரா?" என்று கேட்டார் அந்தம்மா.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எங்க அளத்துல வேலை செய்யறவன்" என்றேன். "கூட வந்திருக்கான். பட்டிக்காடு, ஒண்ணும் தெரியாது."

செய்யறவன். வந்திருக்கான். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் கோபத்தில்கூட அவரை நான் அவன் என்று சொன்னதில்லை. எந்த ஊரில் அளத்து வேலைக்காரனை விமானம் ஏற்றி சிங்கப்பூருக்கு லீவுக்குக் கூட்டிப் போகிறார்கள்? அந்தப் பொய்யில் இருந்த ஓட்டை குருடனுக்கும் தெரியும். அந்தம்மா நல்லவர். "ஆளுங்கள இவ்ளோ நல்லா வச்சிருக்கீங்களே" என்றுதான் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டார். வேலை அதிகம், வரமுடியவில்லை என்றேன்.

இதைச் சொல்லும்போது அவர் எட்டுப் பத்து அடி தூரத்தில் இருந்தார். நடந்துகொண்டிருந்தவர் நின்றார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. பிறகு பக்கத்தில் வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"போலாங்களாம்மா?" என்றார் என்னிடம்.

நான் செத்துப் போயிருக்கலாம். அப்போதாவது எழுந்து, "இவர் என் வீட்டுக்காரர்ங்க, விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அந்தம்மா தீபாவளி முடிந்த வாரம் என்று நாளை மத்தியானம் தன் வீட்டில் விருந்து, சொந்தக்காரர்கள் வருகிறார்கள், கட்டாயம் வரவேண்டும் என்றார். "பாவம், அவரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

லிஃப்டில் ஏறும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்தும் சொல்லவில்லை. வழக்கம்போலச் சாப்பிட்டார், டி.வி. பார்த்தார், தங்கச்சி வந்ததும் அவளைக் கிண்டல் செய்தார். அவர் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுடு சொல் வந்தால் போதும், காலில் விழுந்துவிடலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மறுநாள் எனக்குத் தலைவலி, விருந்துக்குப் போகவேண்டாம் என்றேன்.

"கூப்ட்டாங்க இல்ல? போவலைன்னா தப்பா நெனைப்பாங்க" என்றார். முகம் மழித்து, வேட்டி கட்டிக்கொண்டு, பூட்ஸை விட்டுவிட்டு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் தயாராக நின்றார்.

அந்த வீட்டில் இருபது பேர் இருந்தார்கள். பிரியாணி, முறுக்கு, கேசரி என்று மேசை நிறைந்திருந்தது. "நீங்களும் உக்காருங்க" என்று அந்தம்மா அவரிடம் சொன்னார். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு விநாடிதான். நான் தலையை ஆட்டினால் போதும், உட்கார்ந்திருப்பார். நான் கேசரித் தட்டைப் பார்த்தேன். "பரவால்லீங்க, நான் அப்புறமா சாப்டறேன்" என்று சொல்லிவிட்டு அவர் பால்கனிக் கதவோரம் போய் நின்றுகொண்டார்.

முதல் அரைமணி நேரம் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கியது. அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உப்பைப் பற்றி எல்லாரும் ஆசையாகக் கேட்டார்கள். எத்தனை ஏக்கர், எத்தனை ஆட்கள், எப்படி விளையும் என்று. நான் சொல்லச் சொல்ல வாய் பிளந்து கேட்டார்கள். பாத்தியில் ஒரு நாள் முழுதாக நின்றறியாத நான், அத்தனையும் என் கையால் விளைந்ததைப் போலப் பேசினேன். விளைவித்த மனுஷன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் புதிதாக ஆட்கள் வந்து நாற்காலி போதவில்லை. நான் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, பால்கனியில் கிடந்த ஒரு நாற்காலியைக் காட்டிக் கதவுப் பக்கம் கையை நீட்டினேன்.

"இந்தாப்பா, அந்தச் சேரை எடுத்து இப்படிப் போடு."

அவர் எடுத்து வந்து போட்டார். துண்டால் ஒரு தட்டுத் தட்டித் துடைத்தார். நான் அதில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தேன்.

எல்லாரும் சாப்பிட்ட பிறகு அவர் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டார். கிளம்பும்போது அந்தம்மா தன் கணவருடைய பழைய சட்டைகள் நாலைந்தை ஒரு பையில் போட்டு அவரிடம் கொடுத்தார். "தப்பா நெனைக்காதீங்க, எல்லாம் நல்ல சட்டை." இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நல்லா இருங்கம்மா" என்றார். பொய் சொன்னவள் நான், பிச்சை வாங்கியவர் அவர்.

அதில் ஒரு நீலக் கோடு போட்ட சட்டையை மறுநாளே போட்டுக்கொண்டார். "மாமா, புதுசா? சூப்பரா இருக்குது" என்றாள் தங்கச்சி.

"கீழ ஒரு அம்மா பழக்கமாச்சு. அவங்க குடுத்தாங்க" என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காட்டிக் கொடுக்கவும் இல்லை. இன்றைக்கு வரைக்கும் என் தங்கச்சிக்கு இந்தக் கதை தெரியாது.

மீதி நாளெல்லாம் நாங்கள் ஊர் சுற்றினோம். ரயிலில் போனோம், பறவைகளைப் பார்த்தோம், கடற்கரையில் போட்டோ எடுத்தோம். போட்டோவில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒவ்வொரு நாளும் காலையில் இன்றைக்குக் கேட்டுவிடுவார் என்று நினைப்பேன். அவரிடம் எப்போதும் போல இருக்கிற பேச்சும் சிரிப்பும்தான். ஆனால் என்னை நேராகக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். சொல்லவேண்டியதைப் பக்கத்தில் வந்து நின்று, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அந்தம்மாவைக் குளத்துப் பக்கம் பார்க்க நேருமோ என்று பயந்து நான் கீழே இறங்குவதையே நிறுத்தினேன்.

திரும்பி வந்த அன்று சென்னையிலிருந்து பாண்டி பஸ்ஸில் ஏறினோம். காலை நேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் அவர். மரக்காணம் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் தண்ணீர். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஏங்க, என்னை நல்லா திட்டிடுங்க" என்றேன். "இப்படி ஒண்ணும் சொல்லாம இருந்து என்னைக் கொல்லாதீங்க. உங்கள வேலைக்காரன்னு சொன்ன இந்த நாக்குல சூடு வைக்கணும்."

அவர் ஜன்னலில் வழிந்த தூறலைத் துண்டால் துடைத்தார்.

"அதுக்கு எதுக்குத் திட்டணும்?" என்றார். "அளத்துல வேலை செய்யறவன்தான நானு. அவசரத்துல வாய் தவறி வந்துடுச்சு. அன்னிக்கி எரிஞ்சுது, இல்லன்னு சொல்லல. லிஃப்ட்ல ஏறும்போதே விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்றீங்க?"

"அந்த வீட்ல, 'இந்தாப்பா, சேரை எடுத்து இப்படிப் போடு'ன்ன பாரு. அது வாய் தவறி வரல. யோசிச்சும் வரல. அது உனக்குப் பழகுன பேச்சு. நம்ம ஆளுங்ககிட்ட நீ தெனம் பேசற பேச்சு அது. நானும் பக்கத்துலதான நின்னுனு இருந்திருக்கேன் ஏழு வருஷமா. ஒரு நாளும் என் காதுல விழல. எங்கிட்ட பேசனப்பதான் விழுந்துச்சு."

நான் என்னவோ சொல்ல வந்தேன்.

"உன்ன மட்டும் சொல்லல" என்றார். "கேட்டுனு சும்மா நின்னவன் நான்தான. அத நெனச்சாதான் அசிங்கமா இருக்குது. உன் மொகத்தப் பாத்தா அது ஞாபகம் வருது, அவ்ளோதான்."

கண்டக்டர் மரக்காணம், மரக்காணம் என்று குரல் கொடுத்தார். பெட்டிகளை இறக்க அவர் எழுந்துவிட்டார்.

தை பிறந்து தண்ணீர் வடிந்ததும் அளத்தில் வேலை தொடங்கியது. சேற்றை மிதித்துப் பாத்தியைச் சமன் செய்கிற வேலை. முதல் நாள் ஆட்களுக்கு டீ கொண்டுபோவது என் பொறுப்பு. தூக்குவாளியோடு போய் வரப்பில் நின்றேன். பத்துப் பேர் சேற்றில் நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் என் வீட்டுக்காரர். எனக்குக் கிட்டத்தில் இருந்தவள், நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்களிடம் வேலை செய்கிற ஒரு பெண். என் மகள் பிறந்தபோது கருவாட்டுக் குழம்பு வைத்து எடுத்து வந்தவள். டீ வந்தது தெரியாமல் முதுகு காட்டி மிதித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட வாயெடுத்தேன். "இந்தாம்மா" என்று நாக்கு நுனிக்கு வந்ததை அப்படியே நிறுத்தினேன். பாத்தியிலிருந்து அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். ஏழு வருஷமாக எங்கள் அளத்தில் நிற்கிறவள், அவள் பெயர் எனக்குத் தெரியாது.